களவு போனது எவர் பொருள்?

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து மாணவர்கள் கலைந்து சென்ற வேளையில், எம் மதரஸாவின் வாயிலில் விதவைத் தாய் ஒருவர் வந்து நின்றார்கள். அவர்களுடைய மகன் தம்மாமில் பணிபுரிகிறார். மாதந்தோறும் அவர் அனுப்பும் பணத்தில்தான் அக்குடும்பத்தின் அடுப்பு எரிகிறது. முந்திய நாள் காலை அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கிறது. அழைத்தவன் மகனின் பெயரைச் சொன்னான். அவர் வேலை செய்யும் ஊரைச் சொன்னான். கடைசியாகப் பணம் வந்த தேதியையும் தொகையையும் சொன்னான். வங்கிக் கணக்கின் இறுதி நான்கு எண்களையும் பிழையின்றிச் சொன்னான். 'உங்கள் கணக்கு முடங்கப் போகிறது. இப்போது செல்பேசிக்கு ஓர் எண் வரும். அதைச் சொன்னால் சரிசெய்து விடுகிறேன்' என்றான். அந்த அம்மையார் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் கணக்கில் இருந்த பணம் முழுவதும் போய்விட்டது.

வங்கிக்குச் சென்று முறையிட்டபோது, 'ஓ.டி.பி. எண்ணைச் சொன்னது நீங்கள்தானே?' என்று கைவிரித்து விட்டார்கள். மகனிடம் சொல்லவும் அச்சம். எம்மிடம் பேசியபோது அந்த அம்மையார் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்: "ஹஜ்ரத்து, என் வீட்டுச் சங்கதி அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

எமக்கு விடை தெரியவில்லை. அச்சங்கதிகளை வைத்திருந்தவர் ஒருவரல்லர். வங்கி வைத்திருந்தது, பணம் அனுப்பும் நிறுவனம் வைத்திருந்தது, செல்பேசி நிறுவனம் வைத்திருந்தது, மகனுக்கு விசா எடுத்துக் கொடுத்த முகவரும் வைத்திருந்தார். இவற்றுள் ஏதோ ஒரு வீட்டின் கதவு திறந்து கிடந்திருக்க வேண்டும். எந்தக் கதவு என்று அந்தத் தாய்க்கு எவரும் சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று எவரும் எண்ணவுமில்லை. ஏமாந்து சொன்ன ஓர் எண்ணைப் பெருங்குற்றமாக எடுத்துக்காட்டும் உலகம், அவர்களை நம்ப வைப்பதற்குத் திருடனுக்குத் துணைநின்ற அத்தனை விவரங்களையும் காவாது விட்டவனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இந்த அநீதியைக் குறித்தே இங்குப் பேச விழைகிறோம். பிறருடைய விவரங்களைத் தம் கணிப்பொறிகளில் திரட்டி வைத்துப் பொருளீட்டும் நிறுவனங்கள், அவை களவு போகுங்கால், 'நாங்களும் உங்களைப் போலத் திருட்டுக் கொடுத்தவர்களே' என்று சொல்லி ஒதுங்கிக் கொள்கின்றன. இச்சொல்லை நாம் ஏற்பதற்கில்லை. திருட்டுக் கொடுத்தவர் பொருளுக்கு உரியவர். காவலுக்கு நின்றவரோ கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

அமானிதத்தின் சட்டம்

அமானிதம் என்பது நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிந்த சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனாவுக்குப் புறப்பட்ட வேளையில், அவர்களைக் கொல்லத் துணிந்த அந்த ஊராரின் பொருள்களே அவர்களிடம் அடைக்கலமாக இருந்தன. உயிருக்கு ஆபத்து சூழ்ந்திருந்த அந்நேரத்திலும், அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள் என்பது வரலாறு. அமானிதங்களை அவற்றிற்குரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தில் இறைவன் இட்ட கட்டளையாகும்.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதனை வெறும் அறவுரையாக விட்டுவிடவில்லை, சட்டமாகவும் வகுத்தன. ஒருவர் தம் பொருளைக் காக்கும்படி மற்றொருவரிடம் ஒப்படைப்பது 'வதீஆ' எனப்படும். ஏற்றவர் தம் கடமையில் தவறாதிருக்க, அப்பொருள் வெள்ளத்தாலோ திருட்டாலோ அழியுமாயின், அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. இவ்விதியை நாம் மறைக்கப் போவதில்லை. நிறுவனங்களின் வழக்கறிஞர் நம் நூல்களைப் படிப்பாராயின் முதலில் இவ்வரியைத்தான் அடிக்கோடிடுவார். ஆனால் அடுத்து வரும் வரிகளையும் அவர் படித்தாக வேண்டும்.

காவலில் அசட்டை செய்தால் ஈடு உண்டு. உடையவரின் அனுமதியும் தக்க காரணமும் இன்றி மூன்றாமவரிடம் கொடுத்து வைத்தால் ஈடு உண்டு. அப்பொருளைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தினால் ஈடு உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கேற்ற காவலிடம் உண்டு. அதனை 'ஹிர்ஸ்' என்பர். ஆட்டுக்குத் தொழுவம் ஹிர்ஸ் ஆகும். தங்க நகைக்குத் தொழுவம் ஹிர்ஸ் ஆகாது. நகையைத் தொழுவத்தில் வைத்துவிட்டு, 'திருடன் வந்தான், நான் என் செய்வேன்?' என்பவனை எந்தக் காஜியும் விடுவிக்க மாட்டார்.

மேலும், ஈடு இல்லை என்னும் அச்சலுகை எவருக்காக வந்தது? கூலியும் ஆதாயமும் கருதாமல், அயலாருக்கு உதவும் நல்லெண்ணத்தால் பொருளைக் காத்தவருக்காக வந்தது. அத்தகையவரைத் தண்டித்தால் நாளை எவரும் அடைக்கலம் ஏற்க முன்வரமாட்டார். கூலிக்குக் காப்பவரின் நிலை வேறு. ஹனஃபி சட்டத்தைத் தொகுத்து உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை வெளியிட்ட 'மஜல்லா'வின் 777-ஆம் பிரிவு, கூலிக்குக் காக்கப்படும் பொருள் தடுத்திருக்கக் கூடிய திருட்டால் இழக்கப்படின், காவலரே ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று முடிவு செய்கிறது.

தம் தேவைக்காக இரவல் வாங்கியவரின் நிலை இன்னும் கடுமையானது. ஹுனைன் போரின்போது ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் கவசங்களைக் கேட்டார்கள். 'பறித்துக் கொள்கிறீரா?' என்று அவர் ஐயுற்றபோது, ஈட்டுப் பொறுப்புடன் கூடிய இரவலாகவே பெறுவதாக அண்ணலார் விடையளித்தார்கள். இதை ஆதாரமாகக் கொண்டே ஷாஃபிஈ மத்ஹபில், இரவல் பொருள் திருட்டுப் போனால், வாங்கியவர் அசட்டையாக இல்லாவிடினும் ஈடு செய்யக் கடமைப்பட்டவராகிறார்.

இன்றைய நிறுவனம் இம்மூவருள் எவரைப் போன்றது? நல்லெண்ணத்தால் அடைக்கலம் ஏற்ற அயலாரைப் போன்றதா? நம் பெயரையும் பிறந்த நாளையும் நோயையும் வருவாயையும் அது பெறுவது நமக்கு உதவுவதற்காகவா? அவற்றைக் கொண்டு விளம்பரம் விற்கிறது. கடன் கொடுக்கத் தக்கவர் எவர் என்று தரம் பிரித்து விற்கிறது. அடுத்து நாம் எதை வாங்குவோம் என்று கணித்துப் பொருளீட்டுகிறது. அது கூலிக்காவலரையும் இரவலாளரையும் ஒத்ததேயன்றி, அயலாரை ஒத்ததன்று. ஆதாயம் எவருக்கோ நட்டப் பொறுப்பும் அவருக்கே என்பது ஃபிக்ஹின் புகழ்பெற்ற விதி. ஆதாயத்தை அலுவலகத்தில் இறக்கிக்கொண்டு, நட்டத்தை மட்டும் ஏழைத்தாயின் அடுக்களையில் இறக்கி வைப்பது எந்த நீதி?

கேளாமல் எடுத்த அமானிதம்

எம்மிடம் வந்த அம்மையாரின் விவரம் கசிந்த இடம் தெரியவில்லை. ஆனால் கசிந்த இடமும் விதமும் விசாரணையில் வெட்டவெளிச்சமான வழக்குகள் உண்டு. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு மேற்கண்ட அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

அமெரிக்காவில் ஈக்விஃபாக்ஸ் என்றொரு நிறுவனம் இயங்குகிறது. யார் எவ்வளவு கடன் பெற்றார், ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினாரா என்னும் விவரங்களைக் கடன் கொடுத்தோரிடமிருந்து திரட்டி, கடன் கொடுக்கப் போகிறவர்களுக்கு விற்பது அதன் தொழில். பொதுமக்கள் அதனிடம் நேரில் சென்று எதையும் ஒப்படைத்தவர் அல்லர். தம் வாழ்க்கைக் கணக்கு அங்கே கோப்பாகக் கிடப்பதைப் பலர் அறியவும் மாட்டார்.

2017 மார்ச் 7 அன்று, 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்னும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருக்கிறது என்ற செய்தியும், அதை அடைப்பதற்கான திருத்தமும் உலகறிய வெளியிடப்பட்டன. மறுநாளே அரசுத் துறையின் எச்சரிக்கை ஈக்விஃபாக்ஸுக்கு எட்டியது. 48 மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குள்ளும் மின்னஞ்சல் சுற்றியது. ஆயினும் மக்கள் தங்கள் முறையீடுகளைப் பதிவு செய்யும் தளத்தில் அவ்வோட்டை அடைக்கப்படவே இல்லை. மே மாதத்தில் திருடர் அவ்வழியே நுழைந்தனர். உள்ளே கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக 48 தரவுத்தளங்களைத் திறந்தனர். போக்குவரத்தைக் கண்காணிக்க வைத்திருந்த கருவியோ, அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்களாகக் குருடாய்க் கிடந்தது. புதிய சான்றிதழ் பொருத்தப்பட்ட ஜூலை 29-இல்தான் களவு கண்ணில் பட்டது. ஏறத்தாழ 76 நாட்கள் திருடர் வீட்டுக்குள்ளேயே இருந்தனர். மக்களுக்கு அறிவிக்கப்பட்டதோ செப்டம்பர் 7-இல். பறிபோனவை சுமார் 14 கோடியே 70 லட்சம் மக்களின் பெயர், பிறந்த நாள், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் முதலியன.

நகையைத் தொழுவத்தில் வைத்தல் என்று முன்னர்க் கூறினோமே, அதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த ரிச்சர்ட் ஸ்மித், 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். ஆனால் நடந்ததை விளக்குங்கால், எச்சரிக்கையை உரிய இடத்துக்குச் சேர்ப்பிக்கத் தவறிய தனி ஊழியர் ஒருவரைச் சுட்டினார். பதினான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் அமானிதம் ஓர் ஊழியரின் நினைவில் தொங்கிக் கொண்டிருந்தது என்றால், அப்படித் தொங்கவிட்டவர் எவர்? யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் காக்கும் திறனும் அறிவும் உடையவர் என்று இரண்டு தகுதிகளைக் கூறியதாகத் திருமறை அறிவிக்கிறது. இவ்விரண்டும் இல்லாதவர் களஞ்சியத்தை ஏற்றதே முதற்குற்றம். ஏற்ற பின்னர் ஏவலாளைக் காட்டுவது இரண்டாம் குற்றம்.

மூன்று சாக்குகள்

இனி நிறுவனங்கள் கூறும் சாக்குகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

'வந்தவன் சாதாரணத் திருடன் அல்லன். ஒரு நாட்டின் படையே வந்தது. நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்பது முதற்சாக்கு. ஈக்விஃபாக்ஸ் களவு தொடர்பாகச் சீன இராணுவத்தைச் சேர்ந்த நால்வர் மீது 2020 பிப்ரவரியில் அமெரிக்க அரசு குற்றம் சுமத்தியது உண்மையே. ஆனால் வந்தது படையே ஆயினும், அது மதிலை இடித்துக்கொண்டு நுழையவில்லை. இரண்டு மாதங்களாக அடைக்கப்படாதிருந்த ஓட்டை வழியாகவே நுழைந்தது. அக்களவு முற்றிலும் தடுத்திருக்கக் கூடியதே என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று 2018 டிசம்பரில் அறிக்கையிட்டது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் கிராமவாசி ஒருவருக்கு அறிவுறுத்தினார்கள். கட்டாதவன் ஓநாயின் வலிமையைப் பற்றிப் பேசுவதில் பயனென்ன?

'வாடிக்கையாளரே கவனக்குறைவாக இருந்தார்' என்பது இரண்டாம் சாக்கு. உமிழ்நீரைப் பெற்று மரபணுவை ஆராய்ந்து வம்ச வரலாற்றைச் சொல்லும் 'ட்வென்டி த்ரீ அண்ட் மீ' என்னும் அமெரிக்க நிறுவனத்தில் 2023-இல் நடந்ததைக் கேளுங்கள். வேறு இடங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு திருடர் சுமார் 14,000 கணக்குகளைத் திறந்தனர். உறவினரைக் கண்டறிய அந்நிறுவனம் அமைத்திருந்த வசதியின் வழியாக, அந்த 14,000 கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தபோது, ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்திய பயனரின் அசட்டையே காரணம் என்று அந்நிறுவனத்தின் சார்பில் கடிதம் எழுதப்பட்டது!

ஒரு பேச்சுக்கு அந்த 14,000 பேரும் தவறு செய்தவர் என்றே வைத்துக் கொள்வோம். ஏனைய 68 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செய்த தவறு யாது? ஒரு வீட்டின் சாவி தொலைந்தால் தெரு முழுவதும் திறந்து கொள்ளும்படி வீடுகளைக் கட்டியவர் எவர்? கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பையும் அந்நிறுவனம் கட்டாயமாக்கியது களவுக்குப் பின்னரேயன்றி முன்னர் அன்று. திருடப்பட்டவை யூத வம்சத்தினர், சீன வம்சத்தினர் என இனவாரியாகப் பட்டியலிடப்பட்டு விற்பனைக்கு வந்தன. இனவாரிப் பட்டியல் தீயவர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதைச் சிறுபான்மையினராகிய நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

'வெளியே சொன்னால் மக்கள் பீதியடைவர். ஆகவே மறைத்தோம்' என்பது மூன்றாம் சாக்கு. இதனை வாய்விட்டுச் சொல்பவர் குறைவு. செய்து காட்டியவர் அதிகம். ஊபர் நிறுவனத்திலிருந்து 2016-இல் 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. நிறுவனம் திருடருக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயடைத்து, ஓராண்டுக்கு மேல் மறைத்து வைத்தது. 2017 நவம்பரில்தான் உண்மை வெளிவந்தது. அதன் பாதுகாப்புத் தலைமை அதிகாரியாயிருந்த ஜோ சல்லிவன் 2022-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். யாஹூ நிறுவனத்தில் 2013-இல் நடந்த களவு 2016 டிசம்பரில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது 100 கோடிக் கணக்குகள் என்றார்கள்; 2017 அக்டோபரில் 300 கோடி என்று திருத்தினார்கள். தம் வீட்டுப் பூட்டின் சாவி திருடன் கையில் இருக்கிறது என்று அறியாமலே மக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கினர். பூட்டை மாற்றிக் கொள்ளும் வாய்ப்பையும் பறித்தவனைக் காவலன் என்றழைக்க நா எழுமோ?

நம் மாநிலமும் இதற்கு விலக்கன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் செயலியில் கேட்பார்க்கெல்லாம் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் செய்தி வெளிவந்தது. 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரங்கள் தன்னிடம் இருப்பதாகத் திருடன் பறைசாற்றினான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. தான் தாக்குதலுக்கு ஆளானதாக அக்டோபரில் அறிவித்தது. ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை என்பது என்ன? மானத்தோடு மறைத்துக் காக்க வேண்டியது. கணவரும் மருத்துவரும் மட்டும் அறிந்தது. அது தெருவுக்கு வந்தபின் எந்த நீதிமன்றத் தடையால் அதைத் திரும்பவும் மூட முடியும்?

ஈடு எவருக்கு?

இங்கேதான் நம் வாதத்தின் மையம் இருக்கிறது. இழந்த தானியத்துக்குத் தானியமும் பணத்துக்குப் பணமும் ஈடாகக் கொடுக்கலாம். இழந்த பிறந்த நாளுக்கு மாற்றாக வேறொரு பிறந்த நாளைக் கொடுக்க இயலுமோ? மரபணுவை மாற்றித் தர இயலுமோ? ஈடு செய்ய இயலாத பொருளைக் காப்பவருக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஆனால் நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது.

ஈக்விஃபாக்ஸ் 2019 ஜூலையில் குறைந்தது 57 கோடியே 50 லட்சம் டாலர், அதிகம் போனால் 70 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. கேட்பதற்குப் பெருந்தொகை. பாதிக்கப்பட்டவர் 125 டாலர் வரை ரொக்கமாகப் பெறலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கென ஒதுக்கிய தொகை 3 கோடியே 10 லட்சம் டாலரே. விண்ணப்பங்கள் குவிந்ததும், ஆளுக்கு 125 டாலர் கிடைக்காது, மிகக் குறைவாகவே கிடைக்கும், எனவே கண்காணிப்புச் சேவையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அரசு ஆணையமே மக்களுக்கு அறிவுரை கூற நேர்ந்தது.

நம் நாட்டுச் சட்டமோ இன்னும் வியப்பூட்டுவது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 43ஏ பிரிவு, மக்களின் நுண்ணிய விவரங்களைக் காப்பதில் அசட்டை செய்த நிறுவனம், பாதிக்கப்பட்டவருக்கே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்புச் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. மகிழத்தக்கதே. ஆனால் அதன் 34-ஆம் பிரிவின்படி அந்த அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். அதன் 44-ஆம் பிரிவோ பழைய 43ஏ பிரிவை நீக்க வகை செய்கிறது. அதாவது, இச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருங்கால், வீடு கொள்ளை போனவருக்கு இழப்பீடு தரும் பிரிவு மறைந்து, கொள்ளை போனதற்காக அரசாங்கத்துக்குப் பணம் கிடைக்கும்! அதே சட்டத்தில், பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுக்கும் குடிமகனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, முக்கியக் கடமைகளை ஏற்பதற்கு நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் அளிக்கப்பட்டது.

அபராதம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அபராதம் அரசின் தண்டனை. ஈடு அடியானின் உரிமை. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. ஹக்குல் இபாத் என்னும் அடியார் உரிமையை, உரியவர் விட்டுக் கொடுத்தாலன்றி அது நீங்காது என்று நம் தாய்மார்களும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உரியவரைக் கேளாமல் அவ்வுரிமையைத் தள்ளுபடி செய்ய ஆட்சியாளர்க்கு அதிகாரம் ஏது?

'இப்படி ஈடு கேட்டால் நிறுவனங்கள் நொடித்துப் போகும்' என்று சிலர் அஞ்சுவர். இவ்வச்சம் புதியதன்று. துணி தைக்கக் கொடுத்தால் தையற்காரரிடம் தொலைகிறது, சாயமிடக் கொடுத்தால் சாயக்காரரிடம் தொலைகிறது என்ற முறையீடு கலீஃபாக்களின் காலத்திலேயே எழுந்தது. அலீ (ரலி) அவர்கள் கைவினைஞரைப் பொறுப்பாளியாக்கி, இஃதின்றி மக்களின் நலம் சீர்படாது என்று கருதியதாக அறிவிக்கப்படுகிறது. இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். எனினும் மாலிகி மத்ஹபினரும், இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூ யூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் இப்பொறுப்பை ஏற்றுக் கொண்டனர். பொறுப்பு வந்ததால் தையற்கடைகள் மூடப்படவில்லை, பூட்டுகள் வலுப்பெற்றன.

இது நடைமுறைக்கு ஒத்துவராத கனவும் அன்று. 2017 ஜூலை 6 அன்று நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்றும், வாடிக்கையாளர் மீது தவறு இருப்பதை மெய்ப்பிக்கும் சுமை வங்கியையே சாரும் என்றும் கூறியது. பணத்துக்குச் செல்லுபடியான இந்நீதி, பணத்தின் கதவைத் திறக்கும் விவரங்களுக்கு மட்டும் ஏன் செல்லுபடியாகக் கூடாது?

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. களவு போனதை, உரியவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் உடனே அறிவிக்க வேண்டும். காத்தோம் என்று மெய்ப்பிக்கும் சுமையை வைத்திருந்தவரே ஏற்க வேண்டும்; கசிந்த இடத்தைக் கண்டறியும் பாரத்தை ஒரு விதவையின் தலையில் ஏற்றக் கூடாது. ஈடு, இழந்தவரின் கையில் சேர வேண்டும். தேவைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. தேவை தீர்ந்ததும் அழித்துவிட வேண்டும். இல்லாத பொருளை எவனும் திருட முடியாதன்றோ!

நம் வீட்டுக் கதவு

பிறரைச் சாடிய இதே நாவால் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உம்ரா செல்வோரின் பாஸ்போர்ட் பக்கங்களும் ஆதார் நகல்களும் நம் முகவர்களின் செல்பேசிகளில் எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கின்றன? திருமணத் தகவல் மையங்களுக்குக் கொடுத்த நம் பெண்மக்களின் படமும் பிறந்த நாளும் எத்தனை வாட்ஸப் குழுக்களில் சுற்றுகின்றன? ஜகாத் கேட்டு விண்ணப்பித்த ஏழையின் வங்கிக் கணக்கு எண், ஜமாஅத் அலுவலகத்து மேசையில் எவரும் பார்க்கும்படி கிடக்கவில்லையா? எம் மதரஸாவின் சேர்க்கைப் பதிவேடுகளை அந்த அம்மையார் வந்து சென்ற அன்றிரவே எடுத்துப் பார்த்தோம். படிப்பை முடித்து ஆண்டுகள் பல ஆகிவிட்ட மாணவர்களின் ஆதார் நகல்கள் பூட்டில்லாத அலமாரியில் கட்டுக் கட்டாய்க் கிடந்தன. எம் முகம் எமக்கே வெட்கியது. தேவையற்றவற்றை அழித்தோம், எஞ்சியவற்றைப் பூட்டினோம். அதன்பின்னரே இக்கட்டுரையை எழுதும் துணிவு எமக்குப் பிறந்தது.

ஒரு சிறு மதரஸாவின் அலமாரிக்கே இத்தனை பொறுப்பு உண்டெனில், கோடிக்கணக்கானோரின் வாழ்வைத் திரட்டி வைத்து, அதனால் கோடிகளை ஈட்டுவோருக்கு எத்தனை பொறுப்பு இருக்க வேண்டும்! வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் ஏற்றான் என்று அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 72-ஆம் வசனம் அறிவிக்கிறது. மலைகள் அஞ்சியதைக் கணிப்பொறி வைத்திருப்போர் அஞ்சாமல் அள்ளிக் கொள்கின்றனர். கொட்டிவிட்ட பின்னர் கையை விரிக்கின்றனர்.

அந்தத் தாய் இன்னும் எம் மதரஸாவின் வழியே செல்கிறார்கள். செல்பேசி மணி ஒலித்தால் எடுப்பதற்கு அஞ்சுகிறார்களாம். மகனே அழைத்தாலும், 'வாப்பா பேரென்ன, சொல்லு' என்று கேட்டபின்புதான் பேசுகிறார்களாம். போன பணத்தை மகன் மீண்டும் ஈட்டிவிடுவார். பெற்ற மகனின் குரலையே ஐயுறச் செய்துவிட்ட அந்த அச்சத்துக்கு ஈடு தருபவர் எவர்? அவர்கள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை எவரும் விடை சொல்லவில்லை. அந்த விடையைக் கேட்டுப் பெறுவது நம் அனைவர் மீதும் கடமையாகும்.

அமானிதங்களைப் பேணுவோராக நம்மையும், பேணாதோரிடம் கணக்குக் கேட்கும் துணிவுடையோராக நம் சமுதாயத்தையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.